கரிசல் புழுதியில் மூன்று பிளக்

2025, ஆடி 3, சனி

இழுவை குறைந்துவிட்டது. திருச்சுழி ரோட்டில் மூன்றாம் கியரில் மிதித்தால் வண்டி ஒரு கணம் தயங்கி, அப்புறம்தான் போகிறது. நின்றபடி ஓடும்போது இன்ஜின் உதறுகிறது. ‘மிஸ்ஸிங்’ என்று எந்த மெக்கானிக்கும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். பிளக் மாற்றி எவ்வளவு காலம் ஆகிறது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அதுவே போதிய காரணம்.

எங்கள் வண்டி மாருதி 800. 1983 டிசம்பரில் குர்கானில் முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. கடைசிக் காலத்தில் வந்தவற்றில் எங்களுடையதும் ஒன்று. 796 சி.சி., மூன்று சிலிண்டர், மூன்று பிளக். மூன்றில் ஒன்று சரியாக எரியாவிட்டால் வண்டியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் இந்த உதறல் இத்தனை பளிச்சென்று தெரிகிறது.

சாயங்காலம் அருப்புக்கோட்டையில் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கையேட்டில் இருந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொண்டுபோனேன். பிளக் வாங்கும்போது இந்த எண்ணை விட்டுக்கொடுக்கவே கூடாது. பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதை அந்த எண் சொல்கிறது. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் சூட்டை வேகமாக விடும் பிளக் என்று பொருள்; பாஷ் பிளக்கில் அதற்கு நேர்மாறு. “அந்தக் கம்பெனியில ஆறு, இந்தக் கம்பெனியிலயும் ஆறு, எல்லாம் ஒண்ணுதான்” என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

கடையில் இருந்த பெரியவர் அந்தக் காலத்தில் பிளக் என்றால் மைக்கோதான் என்றார். 1951இல் தொடங்கிய மைக்கோ, 2008 முதல் பாஷ் என்ற பெயரிலேயே நடக்கிறது. அவர் இன்னும் மைக்கோ என்றுதான் சொல்கிறார். பில் போட்டு வாங்கினேன். போலிகளும் சந்தையில் உண்டு.

ஆடி 4, ஞாயிறு

விடியும் முன்பே எழுந்துவிட்டோம். இரண்டு காரணம். இன்ஜின் இரவெல்லாம் ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை போய்விடும், அப்புறம் ஆகும் செலவுக்கு முன்னால் பிளக்கின் விலை ஒன்றுமேயில்லை. இன்னொன்று, காற்று. ஆடியில் பத்து மணிக்கு மேல் இந்தப் பக்கம் வெட்டவெளியில் எதையும் திறந்து வைக்க முடியாது. புரட்டாசி விதைப்புக்கு முன் கரிசல் காடெல்லாம் வெறுமையாகக் கிடக்கிறது. உழுது போட்ட மண் மாவாகக் கிளம்பி வருகிறது. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளின் தூசியும், சீமைக்கருவேலம் எரிக்கும் கரிமூட்டங்களின் சாம்பலும் அதோடு சேரும்.

பிளக் மாற்றுவது பற்றிப் பொதுவாகச் சொல்லும்போது ஸ்பேனரைப் பற்றித்தான் பேசுவார்கள். எங்கள் ஊரில் முதல் வேலை ஸ்பேனருக்கு இல்லை, சைக்கிள் பம்புக்கு. பிளக் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிப் புழுதி விரற்கடை அளவு படிந்து, எண்ணெய்ப் பசையோடு இறுகியிருந்தது. அதைக் கிளறாமல் பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் நேரே உள்ளே, பிஸ்டன் தலையில் விழும். பெயிண்ட் பிரஷால் மெல்லச் சுரண்டிவிட்டு, பம்பின் முனையை வைத்து என் மகள் அடித்தாள். கறுப்பாக ஒரு புகைபோல எழும்பியது. மறுபடி பிரஷ், மறுபடி பம்ப். துணியால் துடைத்தால் துணியில் ஒட்டாத அளவுக்கு வந்த பிறகுதான் ஒயரைத் தொட்டோம்.

ஒயரை ஒருபோதும் இழுக்கக் கூடாது; அதன் தலையில் இருக்கும் ரப்பர் மூடியைப் பிடித்து லேசாகத் திருகி எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பிளக் மட்டும். மூன்றையும் சேர்த்துக் கழற்றினால் எந்த ஒயர் எங்கே என்ற குழப்பம் வரும், ஒயர் மாறினால் வண்டி சரியாக ஓடாது. கழற்றிய பிளக்கை உடனே காகிதத்தில் வைத்து, பக்கத்தில் 1, 2, 3 என்று எழுதச் சொன்னேன். இந்த எண்களுக்காகத்தான் இந்தக் குறிப்பையே எழுதுகிறேன்.

முதலாவதும் மூன்றாவதும் காய்ந்த கரியோடு, விரலில் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தன. அது புரிந்தது. பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். எங்கள் வண்டி பெரும்பாலும் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான் போகிறது. சூடேறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது.

“அப்பா, நடுப் பிளக்கு மட்டும் ஏன் பளபளன்னு இருக்கு?”

இரண்டாவது பிளக்கின் முனையும் மரையும் ஈரமாக, கறுத்த எண்ணெயோடு மினுங்கின. பெட்ரோல் வாடை இல்லை, ஆயில்தான். அது மேலே வந்து எரிகிறது.

எலெக்ட்ரோடுகளின் ஓரம் மூன்றிலுமே மழுங்கியிருந்தது. அதற்கு ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டரில், நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பிளக்கும் ஒரு கிலோமீட்டருக்கு 1,500 முறை பொறி விடுகிறது. 20,000 கிலோமீட்டரில் மூன்று கோடிப் பொறி. ஒவ்வொரு பொறியும் கொஞ்சம் உலோகத்தைத் தின்கிறது. இடைவெளி அகல அகல, அதைத் தாண்ட இன்னும் கூடுதல் வோல்ட் வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை 20,000 வோல்ட் வரையிலும் அதற்கு மேலும் ஏற்றித் தரும் காயில் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. தேய்ந்த பிளக்கோடு ஓட்டிக்கொண்டே இருப்பவர்கள் கடைசியில் காயிலையும் மாற்றுகிறார்கள்.

புதுப் பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜ் தகட்டால் பார்த்தேன். கையேடு சொன்ன அளவு இருந்தது. மாட்டும்போது ஒரு சாண் ரப்பர் டியூபைப் பிளக்கின் தலையில் செருகி, அதைக் கொண்டு திருகினேன். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கும், பிளக் நகராது. இரும்பு ஸ்பேனருக்கு அந்த உணர்வு கிடையாது. கையால் போகும் மட்டும் போய் நின்ற பிறகு, ஸ்பேனரில் அரைச் சுற்று. புது வாஷர் நசுங்கி உட்காருவதற்கு அது போதும். பலம் இருக்கிறது என்பதற்காக இன்னொரு கால் சுற்று வேண்டாம்.

வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. உதறல் இல்லை.

ஆடி 5, திங்கள்

பழைய பிளக்குகளைக் காகிதத்தோடு மடித்து, தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். நடுப் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“காலைல மொத ஸ்டார்ட்ல நீலமாப் பொகை வருதா தம்பி?”

“லேசா வருது அண்ணே.”

கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்தார். இரண்டாவது சிலிண்டரில் அழுத்தம் குறைவு. அந்தப் பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தார்; ஏறியது. ஆயில் விட்டதும் ஏறினால் கசிவு வால்வில் இல்லை, பிஸ்டன் ரிங்கில். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். ஃபில்டரைத் தாண்டி, சுத்தமாக இருக்க வேண்டிய பக்கத்தில், ஓரமாக ஒரு கோடு போலப் புழுதி. ரப்பர் விளிம்பு அந்த இடத்தில் சரியாகப் படியவில்லை. அந்தச் சின்ன இடைவெளி வழியாகத்தான் கரிசல் மண் உள்ளே போய், ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் மாதிரி தேய்த்திருக்கிறது. அதன் பலன்தான் அந்தப் பளபளப்பு.

ஃபில்டர் புதிதாகப் போட்டாயிற்று. ரிங் வேலை இப்போதே வேண்டாம், வாராவாரம் ஆயில் ஸ்டிக்கைப் பாருங்கள் என்றார்.

ஆடி 8, வியாழன், அமாவாசை

தர்ப்பணத்துக்குச் சேதுக்கரை. திருச்சுழி, நரிக்குடி, பார்த்திபனூர் வழியாக இராமநாதபுரம். குண்டாற்றில் மணல்தான் தெரிந்தது. வழியெல்லாம் இருபுறமும் சீமைக்கருவேலம், நடுவில் சுழன்றெழும் புழுதி. வண்டி எங்கேயும் தயங்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பேச்சு. எனக்கு மட்டும் கண் பின்கண்ணாடியில் புகையைத் தேடிக்கொண்டே இருந்தது.

ஆடி 11, ஞாயிறு

இரண்டாவது பிளக்கை மட்டும் கழற்றிப் பார்த்தேன். ஒரே நீண்ட ஓட்டத்தில் முனை இளம்பழுப்பாகியிருக்கிறது. மரையில் மட்டும் மெல்லிய ஈரம். ரிங் வேலை வரத்தான் போகிறது, ஆனால் அது எப்போது என்பதை இனி நாங்கள் முடிவுசெய்யலாம். ஆயில் மட்டம் இறங்கவில்லை.

தூசி மிகுந்த இடத்தில் ஃபில்டரைக் கெடுவுக்கு முன்பே மாற்றச் சொல்லிக் கையேட்டில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அந்த வரிதான் சட்டம். ஃபில்டர் மாட்டியதும் அதன் விளிம்பைச் சுற்றி ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். பிளக்கை நீங்களே மாற்ற முடியாவிட்டாலும் பரவாயில்லை. மெக்கானிக் கழற்றிய பழைய பிளக்குகளை எந்தச் சிலிண்டரில் எது இருந்தது என்று கேட்டு, வரிசை மாறாமல் கையில் வாங்கிப் பாருங்கள்.