சரித்திரமும் சாமர்த்தியமும்

2003-ஆம் ஆண்டில் வெளிவந்த டான் பிரவுனின் 'டா வின்சி கோட்' நாவலை, இத்தனை காலம் கழித்து, சென்ற வாரம் மறுபடியும் எடுத்துப் படித்தேன். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள்: லூவர் அருங்காட்சியகத்தில் இரவில் நிகழும் ஒரு கொலையில் தொடங்கி, அத்தியாயத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டு, நம் தூக்கத்தையும் கெடுத்துவிடுகிற அந்தச் சாமர்த்தியத்தை வியப்பவர்கள் ஒரு சாரார்; கோடிக்கணக்கானோர் சிரத்தையோடு போற்றும் கிறிஸ்தவ மதத்தின் சரித்திரத்தை இப்படித் திரிக்கலாமா என்று மனம் நோகிறவர்கள் மற்றொரு சாரார்.

இரு சாராரிடத்தும் நியாயம் உண்டு என்பதே என் அபிப்பிராயம். கதை என்று சொல்லிவிட்டால் கற்பனைக்கு வேலி இல்லை. ஆனால் கதை தொடங்குமுன்பே 'உண்மை' என்று தலைப்பிட்டு, 'ப்ரையரி ஆஃப் சயன்' 1099-இல் தோன்றிய ரகசிய சபை என்று எழுதிவிட்டால், வாசகன் ஐயப்படுவதையே மறந்துவிடுகிறான். அந்தச் சபையோ 1956-இல் பியேர் பிளாந்தார் முதலியோர் பிரான்சில் பதிவு செய்தது. அதன் புராதனத்துக்கு ஆதாரமென்று பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்ட பத்திரங்களோ போலியானவை. நாவலைப் படித்தவர்கள் பலர் எண்ணுவதுபோல, கி.பி. 325-இல் நடந்த நைசியா திருச்சபைச் சங்கம் விவிலிய நூல்களைத் தேர்ந்தெடுப்பதற்காகக் கூடியதும் அன்று. ஆரியஸ் என்ற பாதிரியாரின் கொள்கையை விசாரிப்பதே அதன் பிரதான காரியம்.

ஆயினும், கதையில் வந்த பொய்தான் என்னை மெய்யைத் தேடிப் படிக்கவைத்தது என்பதை எண்ணும்போது, அந்நாவலின் மீது எனக்குக் கோபம் வர மறுக்கிறது.

நீங்கள் எந்தக் கட்சி?