குட்டி ஜப்பானில் கெய்ஜோ

சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்று நேரு பேர் வைத்ததாகச் சொல்வார்கள். அந்த ஊர்க்காரனான நான் நேற்று ராத்திரி அசல் ஜப்பான் சரக்கு ஒன்றைப் பார்த்தேன். ‘கெய்ஜோ’. 2016இல் வந்த அனிமே, மொத்தமே 12 எபிசோடு.

தண்ணீரில் மிதக்கும் மேடை. அதன்மேல் நீச்சலுடையில் பெண்கள். கையாலும் காலாலும் தாக்கக்கூடாது. மாரும் பிட்டமும்தான் ஆயுதம். இடித்துத் தள்ளினால் ஜெயம், தண்ணீரில் விழுந்தால் அவுட். அம்மா அந்தப் பக்கம் வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பெண்களைக் காட்சிப்பொருள் ஆக்குகிறது என்று அப்போதே சண்டை. நியாயமான சண்டைதான்; கேமராவுக்கு வெட்கமே இல்லை. ஆனால் சிரிப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. பயிற்சி, வியூகம், ஒவ்வொரு இடிக்கும் ஒரு பட்டப்பெயர் என, கபடி வர்ணனை மாதிரி ஒருத்தர்கூடச் சிரிக்காமல் நடத்துகிறார்கள். நாயகி நோசோமி ஜிம்னாஸ்டிக்ஸை விட்டுவிட்டு இதற்கு வருவதே பணத்துக்காகத்தான்.

புஸ்வாணம் என்று நினைத்தேன், சரவெடி. (சரவெடிக்குத்தான் 2018இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டதே!)

ரெண்டாவது எபிசோடும் பார்ப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு.