ராம்-லாக் யார்?

கம்பம்மெட்டிலோ போடிமெட்டிலோ ஏலத்தோட்டத்து ஜீப் கவிழ்ந்தால், தலையில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் ஓடுவோம். என் சித்தப்பாவுக்கும் அங்கேதான் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டை ஒட்டி வெள்ளையாக ஒரு கீற்று. "புது ரத்தம் சார். மூளையைவிட எக்ஸ்ரேயைக் கூடுதலா தடுக்கும், அதான் வெள்ளையா தெரியுது" என்றார் டெக்னீஷியன். சித்தப்பா பிழைத்துக்கொண்டார். மண்டையைத் திறக்காமலே உள்ளே இருப்பதை எப்படி வரைகிறார்கள் என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

ரேடியாலஜி படிக்கும் அக்கா மகளின் பாடப்புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். திராட்சைப் பந்தலை ஒரு பக்கம் நின்று பார்த்தால் முன்கொத்து பின்கொத்தை மறைக்கும். சுற்றி வந்தால்தான் எது எங்கே என்று பிடிபடும். சாதாரண எக்ஸ்ரே ஒரே பக்கத்துப் பார்வை, சி.டி. சுற்றி வருகிறது. 1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. 180 கோணங்கள், கோணத்துக்கு 160 அளவீடுகள். மொத்தம் 28,800 எண்கள்.

அந்த எண்களைப் படமாக்குவதில்தான் சிக்கல். ஒவ்வொரு கோணத்து நிழலையும் வந்த திசையிலேயே திரும்பப் பூசினால் உருவம் வரும், ஆனால் கலங்கலாக வரும். பூசுவதற்கு முன்பே நிழலைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்துக்குப் புத்தகம் சொன்ன பெயர் 'ராம்-லாக் ஃபில்டர்'. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் என்ற இருவரின் பெயர்ச் சுருக்கம் அது!

ஜி.என். ராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் பிறந்தவர், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர், சி.வி. ராமனின் மாணவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைச் சொன்னவர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்குப் போனபின், 1971-ல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு எழுதிய கட்டுரை ஐந்தே பக்கம். அதைத் தேடிப் படித்தேன். நிழலைத் திருத்தும் எண்கள் இவைதான்: நடுப்புள்ளிக்குக் கால் பங்கு. இருபுறமும் ஒன்றுவிட்டு ஒன்று சுழியம். மற்றவை கழித்தல் குறியோடு, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தேய்ந்துகொண்டே போகும். இந்த எண்களால் நிழலைப் பெருக்கிக் கூட்டினால் கலங்கல் தெளியும். ஃபூரியர் கணக்கு தேவையில்லை. அன்றைய கணினிகளுக்கு அது எவ்வளவு பெரிய மிச்சம்!

ரேடியோ வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-லேயே இதே வழியைக் கண்டிருந்தார்கள். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி வேறு முறையில்தான் கணக்கிட்டது. அதனால் ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் இருவரின் பெருமை குறைந்துவிடாது. பின்னர் பல பத்தாண்டுகள் சி.டி. கருவிகள் இந்த வழிமுறையிலும் அதன் திருத்திய வடிவங்களிலும்தான் ஓடின. சி.டி.யை உருவாக்கியதற்கான 1979 நோபல் பரிசு கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் போனது. ராமச்சந்திரன் 2001-ல் சென்னையில் காலமானார்.

தேனி மாவட்டத்து இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எக்ஸ்ரே பாடம் நடத்தும்போது ராண்ட்ஜனோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.