மூணு வெட்டு

ஐப்பசியில வரப்புப் புல் அறுத்தப்போ என்னமோ கடிச்சிருக்கு. கடிச்சதே தெரியலை. பத்து நாள் கழிச்சு காய்ச்சல், அப்புறம் மூச்சுத் திணறல். பெரிய ஆஸ்பத்திரியில, என் இடுப்பு மடிப்புல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு இருந்ததைப் பார்த்துட்டுத்தான் டாக்டர் 'ஸ்க்ரப் டைபஸ்'னு சொன்னாரு. புல்லு, புதர்ல இருக்கிற ரொம்பப் பொடிப் பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல். ஆரம்பத்துலயே தெரிஞ்சா டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கே அடங்கிடுமாம். எனக்கு அதுக்குள்ள நுரையீரல்ல இறங்கிடுச்சு. 11 நாள் ஐசியூ, அதுல 6 நாள் வெண்டிலேட்டர். அந்த நாள்ல ஒண்ணும் ஞாபகமில்லை, சுவத்துல எறும்பு ஊர்ற மாதிரி வந்த கனவைத் தவிர.

கண் முழிச்சு தண்ணி கேட்டேன். டம்ளரை வாய்கிட்ட கொண்டுபோக கை எழும்பலை. 75 கிலோ நெல் மூட்டையைத் தோள்ல ஏத்தினவன் நான். தொடையைப் பார்த்தா பந்தக்கால் மாதிரி இருக்கு. பிசியோதெரபி பார்க்க வந்த பொண்ணு சொல்லுச்சு: "படுக்கையில அசையாம கிடந்தா, அதுவும் இப்படிக் காய்ச்சல்ல, உடம்பு சதையைத்தான் கரைக்கும் ஐயா. கரையிறது நாள் கணக்கு, திரும்ப வர்றது மாசக் கணக்கு."

முதல்ல கட்டில் ஓரமா காலைத் தொங்கப்போட்டு உட்காரணும். அதுக்கே மூச்சு வாங்குச்சு. வீட்டுக்கு வந்து, நாற்காலியில இருந்து கையூனாம எழுந்து உட்காரணும். முதல் நாள் ரெண்டு தடவை. ஒரு மாசத்துல பத்து. பார்க்க வந்தவங்க எல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா கொண்டு வந்தாங்க. டாக்டர் சொன்னது முட்டையும் பருப்பும். அதோட நம்ம கொல்லையில வெளைஞ்ச மல்லாட்டையை வேக வெச்சு தினம் ஒரு கைப்பிடி. (உங்க ஊர்ல வேர்க்கடலை.)

என்ன சாப்பிடறேன்னு எல்லாரும் கேட்டாங்க. கக்கூஸுக்கு எப்படிப் போறேன்னு ஒருத்தரும் கேக்கலை. குந்தினா எழுந்திரிக்க முடியாது. நடுவுல ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் ரெண்டு மாசம் என் மானத்தைக் காப்பாத்துச்சு. விவசாயமும் குந்துற வேலைதானே. களை பிடுங்கவும் குந்தணும், நாத்துக் கட்டு கட்டவும் குந்தணும்.

தார் ரோட்டுல நடை சீக்கிரம் வந்துடுச்சு. வரப்பு அப்படியில்லை. ஈரத்துல கால் வழுக்கும். கழனியில இறங்கினா சேறு காலை விடாது. தை மாசம் தலைமுடி வேற கொத்துக் கொத்தா கொட்டுச்சு. பெரிய காய்ச்சலுக்கு அப்புறம் அப்படித்தான், திரும்ப முளைக்கும்னாங்க. இப்ப முளைக்குது.

சென்னையில இருக்கிற பையன் வாரம் தவறாம போன் பண்றான். "நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடுங்கப்பா, உடம்புதான் முக்கியம்." அவன் பயம் எனக்குப் புரியுது. ஐசியூ வாசல்ல உட்கார்ந்திருந்தவன் அவன்தான். நவரைக்கு கழனியைப் பங்காளிகிட்ட விட்டேன். கொல்லையை விடலை.

நேத்து அந்தக் கழனி மடையைத் திருப்பப் போனேன். மண்வெட்டியால மூணு வெட்டு, அதுக்கே கை நடுங்கி வரப்புல உட்கார்ந்துட்டேன். தண்ணி மட்டும் ஒழுங்காத் திரும்புச்சு. ராத்திரி பையன்கிட்ட, "ஆடிப்பட்டம் போகட்டும், அப்புறம் பேசலாம்"னு சொல்லிட்டேன். விதை மல்லாட்டையை உரிக்காம மூட்டை கட்டி பரண்ல ஏத்தியாச்சு. ஏத்தினது என் வீட்டுக்காரி.