உப்புக்குத் தூது

1999-ல் ஒய்டுகே புண்ணியத்தில் கம்பெனி என்னை எடின்பரோவுக்கு அனுப்பியது. தேதியில் ரெண்டு பூஜ்யம் வந்தால் கம்ப்யூட்டர் குழம்பிவிடுமாம். அணை கட்டப் போன அணில்களில் நானும் ஒருத்தன்!

வீட்டுக்காரத் தாத்தா பேக்பைப் வித்வான். மாடியில் அவர் மகன் ஸாக்ஸபோனில் ஜாஸ் வாசிப்பான். ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட நடுவில் நான்தான் தூது.

தாத்தாவுக்கு இன்னொரு பழைய கோபமும் உண்டு. 1979-ல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டசபை வேண்டுமா என்று ஓட்டெடுப்பு. ஓட்டுப் போட்டவர்களில் 51.6 சதவிகிதம் பேர் 'வேண்டும்' என்றார்கள். ஆனால், மொத்த வாக்காளர்களில் 40 சதவிகிதம் தேவை என்று லண்டனில் முன்கூட்டியே ஒரு கொக்கி போட்டிருந்தார்கள். கிடைத்தது 32.9. "செத்தவன் பேரும் லிஸ்ட்ல இருக்கும்ப்பா. அவனும் வேண்டாம்னு சொன்ன கணக்கு!" என்று பொருமுவார். 1997-ல் மறுபடி கேட்டபோது 74.3 சதவிகிதம் 'வேண்டும்'.

1999 ஜூலை 1. கலைந்து 292 வருஷமான பார்லிமென்ட்டை ராணி வந்து திறந்து வைத்தார். ஷீனா வெலிங்டன் என்ற அம்மாள் பக்கவாத்தியமே இல்லாமல் ராபர்ட் பர்ன்ஸ் பாட்டைப் பாட, கடைசி அடிகளை உறுப்பினர்களும் சேர்ந்து பாடினார்கள். டி.வி. முன்னால் தாத்தா மூக்கைச் சிந்தினார். ஜலதோஷமாம்!

சாயங்காலம் தெருக்கோடி பப்பில் மகனின் கச்சேரி. தாத்தாவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

மகனின் நண்பன் கையில் சின்ன பேக்பைப். வாயால் ஊதுவதில்லை, கையிடுக்கில் துருத்தி. ஒன்பதே ஸ்வரம். கூடவே நம்ம ஒத்து மாதிரி ஓயாத ரீங்காரம். பேக்பைப்பில் நடுவே நிறுத்தி மூச்சு விடுகிற வேலையே இல்லை. ஜாஸுக்கோ இடைவெளிதான் உயிர். எப்படி ஒட்டும்?

காலையில் கேட்ட அதே பர்ன்ஸ் மெட்டு. பைப் நேராகப் போக, ஸாக்ஸ் விலகி ஊர் சுற்றிவிட்டு, சரியான இடத்தில் வந்து தோளில் கை போட்டது. எனக்கே ஜலதோஷம் பிடித்தது.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா, "மோசமில்லைன்னு அவன்கிட்ட சொல்லு" என்றார். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது ஸார். மாடிக்கு ஓடினேன்.

"காதுல விழுந்துதுன்னு சொல்லு" என்றான் அவன்.

மறுநாள் காலையிலும் உப்புக்கு நான்தான் தூது.