கொஞ்சம் மாவுப்பூச்சி இருக்கட்டும்

விஷத்துக்கு 'மருந்து' என்று பெயர் வைத்திருக்கிறோம். வயலிலும் அதே பெயர்தான், மயிலாப்பூர் மொட்டை மாடியிலும் அதே பெயர்தான்.

பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. எவ்வளவு மருந்து அடித்தும் அடங்கவில்லை. உடம்பை மூடிய வெள்ளை மெழுகைத் தாண்டி மருந்து உள்ளே இறங்காது. 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியை வரவழைத்து, பெங்களூரில் பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்து தின்றே வளரும். கொள்ளை அடங்கியது.

எங்கள் மாடி டிரம்மில் நிற்கும் பப்பாளியிலும் வெள்ளையாக அப்பியபோது, பக்கத்து வீட்டு மாமி "மருந்து அடிச்சிடுங்கோ" என்றார். அம்மா அதிகம் அப்பிய இலைகளை மட்டும் கிள்ளிப் போட்டாள். எனக்கு அது சரியென்று பட்டது. மருந்துக்கு முதலில் சாவது மெழுகுப் போர்வை இல்லாத குளவிதான். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு வகைப் பொறிவண்டின் புழுவோ, பார்க்க அச்சு அசல் மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். யாரை அடிக்கிறோம் என்றே தெரியாது.

இன்னொன்றும் உண்டு. மாவுப்பூச்சி ஒன்றுகூட மிஞ்சாவிட்டால் குளவிக்கும் பிழைப்பில்லை. நல்லது தங்க வேண்டுமென்றால் கெட்டதும் கொஞ்சம் இருக்க வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. கணக்கு தப்பினால் எங்களுக்கு நாலு காய் போகும். ஒரு ஏக்கர் மரவள்ளி போட்டவருக்கு ஒரு வருஷச் சாப்பாடு போகும்.