அலமாரியில் இரு பகைவர்

"உலகறிந்த மேதைகள் ஒரு நூறு பேர் இருக்க, ஊரும் பேரும் தெரியாதவர்களின் இசைத்தட்டுகளை விலை கொடுத்து வாங்கி வீட்டை நிரப்புகிறாயே, இது என்ன பித்து?" என்று நண்பரொருவர் கேட்டார். கேட்டவர் பகைவரல்லர், பண்பாளர். என் அலமாரியின் பளு தாங்காமல் தரை ஒருநாள் உள்வாங்கும் என்று உண்மையாகவே கவலைப்படுபவர். அவருக்கு அன்று நான் விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. இன்று கூறிப் பார்க்கிறேன். தோழர்களே, நீங்கள் நடுவராயிருந்து கேளுங்கள்.

பிழைப்பு என்னை நெதர்லாந்துக்கு அழைத்துச் சென்றது. அந்நாட்டில் ஏப்ரல் 27 அரசரின் பிறந்தநாள் விழா. அன்று வீதியெல்லாம் சந்தை! வீட்டிலுள்ள பழம்பொருளை எவரும் தெருவில் விரித்து விற்கலாம். ஆம்ஸ்டர்டாம் நகரத் தெருவொன்றில், எட்டு வயதிருக்கும் சிறுமியொருத்தி, கை ஒடிந்த பொம்மைகளுக்கும் பாட்டனாரின் புத்தகங்களுக்கும் இடையே ஓர் இசைத்தட்டை வைத்திருந்தாள். விலை ஒரு யூரோ. மத்தைஸ் வெர்மூலன் என்று உறையில் ஒரு பெயர். அதுவரை நான் கேட்டறியாத பெயர். சிறுமியின் சிரிப்புக்காக வாங்கினேனேயன்றிச் சிம்பொனிக்காக வாங்கவில்லை.

முதல்முறை கேட்டபோது ஒன்றும் விளங்கவில்லை. ஒரு குரல் பாட, மற்றவை துணை நிற்கும் என்று எதிர்பார்த்த செவிக்கு, பல குரல்கள் ஒரே நேரத்தில் தத்தம் வழியே பாடிச் செல்வது வெறுங்கூச்சலாகவே பட்டது. மூன்றாம் முறை கூச்சல் மறைந்தது, ஊர்வலம் தெரிந்தது! ஒவ்வொருவரும் தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டு, ஒருவரையொருவர் நசுக்காமல் நடக்கின்ற ஊர்வலம். யார் இவர் என்று தேடத் தொடங்கினேன்.

1888இல் ஹெல்மொண்ட் என்னும் ஊரில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் வெர்மூலன். ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்த இளைஞரிடம் நுழைவுச்சீட்டு வாங்கக் காசில்லை. கான்சர்ட்கெபவ் என்னும் புகழ்பெற்ற இசையரங்கின் தோட்டத்தில் நின்று, உள்ளிருந்து கசிந்து வந்த இசையைக் கேட்டுக் கேட்டுத் தேர்ந்தார். பின்னர் இதழ்களில் இசைத் திறனாய்வாளரானார். பேனா கூர்மையானது, பணிவு குறைவு. 1914இல் முதல் சிம்பொனியை முடித்து, அந்த அரங்கின் இசைக்குழுத் தலைவர் வில்லெம் மெங்கல்பெர்க்கிடம் கொடுத்தார். அவர் மறுத்துவிட்டார். நாட்டின் தலைசிறந்த பல்லியத்தின் கதவு மூடிற்று.

1918 நவம்பரில் ஒரு மாலை. அந்த இசைக்குழுவின் துணை நடத்துநரான கோர்னேலிஸ் டொப்பர் தாம் இயற்றிய ஏழாம் சிம்பொனியை நடத்தி முடித்தார். வெர்மூலன் எழுந்தார், "சூசா வாழ்க!" என்று முழங்கினார். சூசா என்பவர் அமெரிக்க அணிவகுப்புப் பாடல்களால் பெயர்பெற்றவர். "இது சிம்பொனியா, வீதி வாத்தியமா?" என்பது ஏளனத்தின் பொருள். அவையோர் காதிலோ வேறு பெயர் விழுந்தது! சில நாள் முன்புதான் சமதர்மத் தலைவர் ட்ரூல்ஸ்ட்ரா புரட்சிக்கு அழைத்துத் தோற்றிருந்தார். அவர் பெயரைச் சொல்லிக் கலகம் மூட்டுவதாக எண்ணிக் கொதித்தனர். அரங்கம் அமளியாயிற்று.

1921இல் அவர் குடும்பத்துடன் பிரான்சு நாட்டுக்குச் சென்றுவிட்டார். 1920இல் எழுதி முடித்த இரண்டாம் சிம்பொனி முதன்முதலாக ஒலித்தது எப்போது தெரியுமா? 1953இல், பிரசெல்சு நகரத்தில்! முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்த இசை தாளில் உறங்கியது. எழுதியவர் இளமையை இழந்தார். 1944இல் மனைவியை இழந்தார். போரில் மகனை இழந்தார். அதன் பிறகே அந்த இசை ஒலிக்கக் கண்டார்.

இவ்வளவும் கேட்ட நீங்கள், மெங்கல்பெர்க்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தீர்ப்பும் எழுதியிருப்பீர்கள். நானும் எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை, டொப்பரையும் சேர்த்துத் தண்டித்தேன். ஏளனம் செய்வதற்கென்றே அவருடைய 'ரெம்பிராண்ட்' சிம்பொனியின் ஒலிப்பதிவை வாங்கினேன். சிரிக்க அணியமாக உட்கார்ந்தேன். சிரிப்பு வரவில்லை, தோழர்களே! புரட்சி இல்லை அந்த இசையில். ஆனால் பொய்யும் இல்லை. தச்சர் ஒருவர் செய்த உறுதியான நாற்காலி போன்ற இசை அது. ஒலி நின்ற பிறகு நெடுநேரம் நான் நாணத்தோடு உட்கார்ந்திருந்தேன். வெர்மூலனை ஒலிக்க விடாமலே மெங்கல்பெர்க் ஒதுக்கினார். டொப்பரைக் கேளாமலே நான் இகழ்ந்தேன். இருவருக்கும் என்ன வேறுபாடு? அவர் கையில் அதிகாரம் இருந்தது. என் கையில் இல்லை. அவ்வளவே!

அன்று ஏளனத்துக்கு ஆளான ஏழாம் சிம்பொனியின் பெயர் 'சாய்டர்சே'. அது ஒரு கடலின் பெயர். 1932இல் பெரும் அணையிட்டு அக்கடலையே அடைத்து ஏரியாக்கிவிட்டார்கள். கடல் மறைந்தது, சிம்பொனியைக் கேட்பாரும் அரிதாயினர். இன்று என் அலமாரியில் வெர்மூலனும் டொப்பரும் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். உயிரோடிருந்தபோது ஒரே அரங்கில் பொறுத்துக்கொள்ள முடியாத இருவருக்கும் மறதி சம இருக்கை தந்துவிட்டது!

மறதியாவது பரவாயில்லை, தேடினால் மீட்கலாம். நெருப்பு தின்றதை எங்கே தேடுவது? 1940 மே 14 அன்று ஜெர்மன் வானூர்திகள் ராட்டர்டாம் நகரத்தின் நடுப்பகுதியை எரித்தன. ருடோல்ப் எஷர் என்னும் இளைஞர் அதுவரை எழுதியவற்றுள் பெரும்பகுதி அத்தீயில் போயிற்று. அவர் என்ன செய்தார்? வெறுந்தாளை எடுத்து மீண்டும் எழுதினார். 1941 முதல் 1943 வரை அவர் எழுதிய பல்லிய இசைக்குத் 'துயருற்ற உள்ளத்துக்கான இசை' என்று பெயர். லியோ ஸ்மிட்டுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. யூதராய்ப் பிறந்தார் என்பதே குற்றம். 1943 ஏப்ரல் 30 அன்று சோபிபோர் கொலைக்களத்தில் கொல்லப்பட்டார். அவருடைய சிம்பொனியில் துள்ளலும் நகையும் இருக்கின்றன. அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

லாத்வியா இசைக்கு வந்தது தற்செயல். ரிகா நகருக்குச் சென்றபோது பழைய தட்டுகள் விற்கும் கடையொன்றில் மெலோதியா நிறுவனத்தின் தட்டுகள் குவிந்து கிடக்கக் கண்டேன். சோவியத் அரசின் இசைத்தட்டு நிறுவனம் அது. லாத்வியரின் இசை, உறையிலோ பெரும்பாலும் ருஷ்ய எழுத்து! யானிஸ் இவானொவ்ஸ் என்பவரை அங்கேதான் கண்டெடுத்தேன். 1906இல் பிறந்து 1983இல் மறைந்தவர். இருபது சிம்பொனிகளை முடித்து, இருபத்தொன்றாவதை முடிக்காமல் போனவர். இருபது இலட்சம் மக்கள்கூட இல்லாத நாடு. 1940இல் சோவியத்து, 1941இல் ஜெர்மானியர், 1944இல் மீண்டும் சோவியத்து என்று ஆட்சிகள் மாறி மாறி மிதித்த மண். 1991இல்தான் உண்மையில் விடுதலை திரும்பிற்று. அந்த மண்ணில் இருந்துகொண்டு ஒருவர் ஓயாது எழுதினார். அவர் இசையில் கருமேகம் மிகுதி. காரணம் கேட்கவும் வேண்டுமோ?

ஆயினும் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது அவர் கதையன்று. எமில்ஸ் தார்ஸின்ஷ் கதை. 1875இல் பிறந்தவர். பிறர் இசையைத் திருடினார் என்று பழி கிளம்பிற்று. மானமுள்ள மனிதர் துடித்தார். தாம் எழுதிய பல்லிய இசை ஏடுகளைத் தம் கையாலேயே அழித்தார். 1910இல், முப்பத்தைந்து வயது நிறையுமுன், ரிகாவில் புகைவண்டியில் அடிபட்டு மாண்டார். எஞ்சியது ஒரே ஒரு பல்லியப் படைப்பு: 'ஏக்க வால்ட்ஸ்' என்னும் சிறு நடனம். அதுவும் எப்படித் தப்பியது? முழு ஏடு அழிந்துவிட்டது. ஆனால் வயலின்காரருக்கு ஒரு தாள், குழல்காரருக்கு ஒரு தாள் என்று வாசிப்போருக்காக எழுதிய தனித்தனிப் படிகள் எஞ்சியிருந்தன. அவற்றைக் கூட்டி உயிர்ப்பித்தார்கள். பேரறிஞர் காக்கவில்லை, பெருமாளிகை காக்கவில்லை, வாசிப்பவன் கைத்தாள் காத்தது! இன்று லாத்வியர் தம் உள்ளத்தின் குரல் என்று போற்றும் இசை அது.

இப்படிச் சேர்த்துச் சேர்த்து அலமாரி இரண்டாயிற்று. பெருமையும் வளர்ந்தது. ஒருநாள் என் தமக்கை மகன் வந்தான். கல்லூரி மாணவன். வரிசை வரிசையாகக் காட்டினேன், கதைகளைக் கூறினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவற்றில் எத்தனையை முழுவதும் கேட்டிருக்கிறீர்கள், மாமா?" என்றான்.

எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் உறை பிரிக்காமலே இருந்தன! அரியது கிடைத்தது என்ற மகிழ்ச்சியில் வாங்கினேன், அடுக்கினேன், அடுத்ததைத் தேடி ஓடினேன். உலகம் இவர்களைக் கேட்க மறுத்தது என்று குமுறிய நானே இவர்களைக் கேட்காமல் பூட்டி வைத்திருந்தேன். தாளில் உறங்கிய இசை தட்டில் உறங்கியது. இதில் என்ன மீட்சி?

அன்று முதல் ஒரு முறை வகுத்தேன். ஞாயிறுதோறும் ஒரு தட்டு. கேட்ட பிறகே புதியது வாங்கலாம். பிடித்ததை யாருக்கேனும் கொடுத்துக் கேட்கச் செய்வது. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று ஒளிக்காமல் கூறுவது. ஆம், இவற்றுள் சலிப்பூட்டுவனவும் உண்டு. புறக்கணிக்கப்பட்டதெல்லாம் பொன்னன்று, புகழ்பெற்றதெல்லாம் பொய்யுமன்று. எது எது என்று அறிய ஒரே வழிதான் உண்டு: கேட்பது.

நண்பருக்கு என் விடை இதுதான். மேதைகளை நான் வெறுக்கவில்லை. ஆனால் இவர் மேதை, இவர் அல்லர் என்று எனக்கு முன்னே யாரோ எழுதிய தீர்ப்பின் அடியில் கேளாமலே கையெழுத்திட என் செவி ஒப்பவில்லை. வரும் ஞாயிறு வாருங்கள், நண்பரே! வெர்மூலனைக் கேட்போம், பிறகு டொப்பரையும் கேட்போம். இருவரையும் கேட்ட பிறகு, அது பித்தா இல்லையா என்று நீங்களே கூறுங்கள்.